எரிமலைப் பாறை மாதிரிப் பெட்டி: ஒரு நிலவியல் ஆசிரியரின் மதிப்புரை

எரிமலையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு முதல் இடர்ப்பாடு, பாடப்பொருளை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியாது என்பதாகும். காணொளிகளுக்குப் பஞ்சமில்லை, செந்நிறக் குழம்பு ஆறாக ஓடுவதையும் சாம்பல் தூண் வானத்தை முட்டி நிற்பதையும் மாணவர்கள் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். ஆனால் ஓர் எரிமலை ஏன் சாவகாசமாக வழிகிறது, மற்றொன்று ஏன் வெடித்துச் சிதறுகிறது என்ற கேள்விக்கான சான்றுகள் பெரும்பாலும் ஆறிய கல்லில்தான் பதிந்திருக்கின்றன. பள்ளிப் பருவத்தில் பாரிக்குட்டின் எரிமலையைப் பற்றிப் படித்த காலம் தொட்டே எனக்கு இந்தப் பித்து உண்டு. 1943 பிப்ரவரி 20 அன்று மெக்சிகோவில் டியோனிசியோ புலிடோ என்ற உழவரின் சோளக்கொல்லையில் நிலம் பிளந்து, ஓராண்டுக்குள் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது அந்தக் கூம்பு. நிலவியல் ஆசிரியராகிப் பல தலைமுறை மாணவர்களைக் கண்ட பின்பும் அந்தப் பித்து தணியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், எரிமலைக் கற்களைப் பொறுத்தவரை நான் எளிதில் திருப்தியடைகிறவன் அல்லன்.

இங்கே மதிப்பிடப்படுவது, இணையவழியில் ‘கற்பித்தல் தொகுப்பு’ என்று விற்கப்படும் 20 மாதிரிகள் கொண்ட ஒரு மரப்பெட்டி. தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏறத்தாழ இதே உள்ளடக்கத்துடன் வெவ்வேறு பெயர்களில் பெட்டிகள் கிடைப்பதால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று வாசகர் அறிந்துகொள்வதே முக்கியம். பெட்டிக்குள் கற்களுடன் ஒரு விளக்கக் கையேடு, ஒரு கைலென்ஸ், சாம்பல் நிறைந்த ஒரு கண்ணாடிக் குப்பி, எரிமலை வடிவில் செய்து சாயம் பூசிய ஒரு சுண்ணக்கூம்பு ஆகியவையும் இருக்கின்றன.

கற்களின் அளவு முதல் நற்சான்றைப் பெறுகிறது. பல தொகுப்புகளில் கட்டைவிரல் நகமளவுச் சில்லுகளை அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். குமிழ்த்துளைகள் எந்தப் பக்கமாக நீண்டிருக்கின்றன, குழம்பு ஓடிய வரிகள் எங்கே மடிகின்றன என்பவற்றை அத்தகைய சில்லில் காண இயலாது. இந்தப் பெட்டியில் பெரும்பாலான மாதிரிகள் உள்ளங்கையை நிறைக்கின்றன; ஒரு பக்கமேனும் புதிதாக உடைத்த முகமாக விடப்பட்டிருக்கிறது. வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறிய மேற்பரப்பையும் உள்ளே இருக்கும் உண்மையான நிறத்தையும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கமாகக் காட்ட முடிகிறது.

பெட்டியின் உயிர் அதன் முதல் இரண்டு அறைகளில் இருக்கிறது. ஒன்றில் வெண்ணிற நுரைக்கல். அடுத்ததில் அப்சிடியன் எனப்படும் கன்னங்கரேலென்ற எரிமலைக் கண்ணாடி. வேதியியல் இயைபில் இவ்விரண்டும் உடன்பிறப்புகள். இரண்டிலும் சிலிக்கா, அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள், 70 விழுக்காட்டைத் தாண்டும். கையில் எடுத்தால், ஒன்று காற்றாய்க் கனக்கிறது. மற்றது கண்ணாடிக் கட்டியாக அழுத்துகிறது. மாணவர்களிடம் இவற்றைக் கொடுத்து, ‘இரண்டும் ஒரே குழம்பிலிருந்து வந்திருக்கலாம்’ என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கையிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். சிலிக்கா மிகுந்த மாக்மா, அதாவது நிலத்தடியில் உள்ள உருகிய பாறைக்குழம்பு, ஆழத்தில் பேரழுத்தத்தின்கீழ், தன் எடையில் 4 முதல் 6 விழுக்காடு வரை நீரைக் கரைத்து வைத்திருக்கக்கூடியது. அது மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீர் ஆவிக் குமிழிகளாகப் பிரிகிறது. பாகு கெட்டியாக இருப்பதால் குமிழிகளால் தப்ப முடிவதில்லை. அவை பருத்துப் பருத்துக் குழம்பையே நுரையாக்கி, இறுதியில் கிழித்து எறிகின்றன. அப்படி எறியப்பட்ட நுரை உறைந்தால் நுரைக்கல். அதே குழம்பு வாயுவை வழியிலேயே கசியவிட்டு மெதுவாக வெளியே பிதுங்கி, படிகங்கள் வளர அவகாசமின்றி உறைந்தால் அப்சிடியன்.

லென்ஸை வைத்து இந்த நுரைக்கல்லைப் பார்த்தால், துளைகள் உருண்டையாக இல்லை; ஒரே திசையில் இழுபட்டு, பட்டுநூல் கற்றைபோல் மினுமினுக்கின்றன. குமிழிகள் பருத்துக்கொண்டிருக்கும்போதே குழம்பு குழாய்வழியே விரைந்து மேலேறியதற்கான தடயம் அது. அப்சிடியனின் மெல்லிய விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கருமை மறைந்து புகைநிறக் கண்ணாடி தெரிகிறது. கல்லைக் கறுப்பாகக் காட்டுவது அதற்குள் சிதறிக் கிடக்கும் நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள்தான். அந்த விளிம்பு சவரக்கத்தியைவிடக் கூர்மையானது என்பதால், சிறுவர்கள் கையில் கொடுக்கும் முன் விளிம்பை மழுக்கிவிடுவது நல்லது. கையேட்டில் இந்த எச்சரிக்கை இல்லாதது பொறுப்பின்மை.

நுரைக்கல்லில் வெள்ளை, சாம்பல் என்று இரண்டு நிறங்களில் மாதிரிகள் வைத்திருப்பதையும் பாராட்ட வேண்டும். கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை பொழிந்த நுரைக்கல், அதில் புதையுண்ட பொம்பெய் (Pompeii) நகரில் இப்படித்தான் படிந்திருக்கிறது. கீழே வெள்ளை, அதன்மேல் சாம்பல். நிலத்தடி அறையில் மேல்மட்டத்திலும் கீழ்மட்டத்திலும் வெவ்வேறு இயைபுள்ள மாக்மா தங்கியிருந்து, மேலே இருந்தது முதலில் வெளியேறியதை அந்த அடுக்குகள் காட்டுகின்றன. இரு கற்களையும் தந்த தயாரிப்பாளர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆசிரியர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். 1883-இல் இந்தோனேசியாவின் கிராகட்டோவா எரிமலை வெடித்தபோது கடலில் விழுந்த நுரைக்கற்கள் திட்டுத்திட்டாக மிதந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போனதையும் சொல்லி, கல்லை நீரில் இடலாம். மாதிரி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். நாள் கணக்கில் நீரில் கிடந்தால் துளைகளுக்குள் நீர் புகுந்து அதுவும் மூழ்கத் தொடங்கும்.

மூன்றாவது அறையில் உள்ள ஸ்கோரியாவை இதன் பக்கத்தில் வைத்தால் பாடம் இன்னும் தெளிவாகிறது. இதுவும் துளைகள் நிறைந்ததே. ஆனால் துளைச்சுவர்கள் தடித்தவை, நிறம் செங்கறுப்பு, நீரில் போட்டால் மூழ்குகிறது. சிலிக்கா குறைந்த, இளகிய குழம்பில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி எளிதில் வெளியேறிவிடுகின்றன. பாரிக்குட்டினின் கூம்பு இத்தகைய கற்கள் மேலெறியப்பட்டு விழுந்து குவிந்தே எழுந்தது. கூம்பின் சரிவு ஏன் அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று கேட்கும் மாணவனிடம், கரடுமுரடான இந்தக் கற்களை மேசைமேல் கொட்டிக் குவித்துக் காட்டினாலே போதும்.

இவ்வளவு நேர்த்தியாகக் கற்களைத் தேர்ந்தெடுத்த அதே கைகள்தான் அந்தச் சுண்ணக்கூம்பையும் பெட்டிக்குள் வைத்தன என்பதை நம்ப முடியவில்லை. சமையல் சோடாவை அதன் வாயில் இட்டு, வினிகரும் சிவப்புச் சாயமும் ஊற்றினால் நுரை பொங்கி வழிகிறது, குழந்தைகள் கைதட்டுகிறார்கள். அங்கே நடப்பது அமிலமும் காரமும் சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்கும் வேதிவினை. எரிமலையில் வாயு புதிதாக உண்டாவதில்லை. ஏற்கெனவே கரைந்திருந்தது அழுத்தம் குறைந்ததும் பிரிகிறது. குலுக்கிய சோடா பாட்டிலின் மூடியைத் திறப்பது இதைவிட எவ்வளவோ நேர்மையான செய்முறை. அதற்குத் தனிக் கருவியும் வேண்டாம். சுண்ணக்கூம்பைப் பார்த்து வளர்கிற மாணவன், எரிமலைக்கு அடியில் ஏதோ இரண்டு பொருள்கள் கலந்து பொங்குவதாகவே மேல்வகுப்பு வரை எண்ணிக்கொண்டிருக்கிறான். அந்த எண்ணத்தைக் கழற்றி எடுப்பது, புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிடக் கடினம். இந்தப் பொம்மைக்கு ஒதுக்கிய இடத்தில் இன்னும் நான்கு கற்களை வைத்திருக்கலாம்.

சிலிக்கா குறைந்த கருநிற எரிமலைப் பாறையான பசால்ட்டின் வரிசை மீண்டும் நம்பிக்கையை மீட்டுத் தருகிறது. கயிறு திரித்ததுபோல் மடிப்பு மடிப்பாகச் சுருண்ட மேலோடு கொண்ட பாஹோய்ஹோய், முள்ளும் சில்லுமாகக் கையைக் கீறும் ஆஆ என்று ஹவாய் மக்களின் சொற்களாலேயே உலகெங்கும் அழைக்கப்படும் இருவகை லாவாவும் இருக்கின்றன. ஒரே ஓட்டம், ஊற்றுக்கண்ணிலிருந்து தொலைவு செல்லச் செல்ல வெப்பத்தையும் வாயுவையும் இழந்து, உள்ளே படிகங்கள் பெருகி, முதல் வகையிலிருந்து இரண்டாம் வகையாக மாறக்கூடும், மறுதலையாக மாறுவதில்லை. பாஹோய்ஹோய் மாதிரியை உடைத்த முகத்தின் பக்கம் பார்த்தால், மேலே ஒரு மில்லிமீட்டர் அளவே தடித்த கண்ணாடித் தோல், அதன் கீழே உருண்டைத் துளைகள், அதற்கும் கீழே மங்கிய சாம்பல் நிறப் பாறை என்று குளிர்ந்த வரிசை அப்படியே தெரிகிறது. என் கருத்தில் பெட்டியின் மிகச் சிறந்த மாதிரி இதுதான்.

அதற்கு அடுத்த இடம், துளைகளுக்குள் வேறு கனிமங்கள் நிரம்பிய பசால்ட்டுக்கு. தக்காணப் பீடபூமியின் லாவா அடுக்குகள் இத்தகைய கனிமங்களுக்கு உலகப் புகழ் பெற்றவை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த அந்தக் குழம்பின் துளைகளில், பின்னர் ஊறிய வெந்நீர் சீயோலைட் கனிமங்களைப் படியவைத்தது. பெட்டியில் உள்ள மாதிரியின் ஒரு குழிக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் விசிறிபோல் விரிந்த படிகக்கொத்து இருக்கிறது. ஸ்டில்பைட் என்று எண்ணுகிறேன். குமிழி ஒரு காலத்தையும் அதை நிரப்பிய கனிமம் வேறொரு காலத்தையும் சேர்ந்தவை என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

ஆலிவின் என்ற பச்சைக் கனிமத்தின் கட்டியைச் சுமந்த பசால்ட் ஒன்றும் உண்டு. பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்தின் துண்டு, ஏறிவந்த குழம்பில் சிக்கி மேலே வந்திருக்கிறது. அந்தப் பச்சைத் துண்டு சுற்றியுள்ள குழம்பைவிட அடர்த்தி மிக்கது. அது மூழ்கிவிடாமல் மேலே வந்துசேர்ந்தது என்றால், குழம்பு எவ்வளவு வேகமாக ஏறியிருக்க வேண்டும் என்று மாணவர்களையே யோசிக்கவிடலாம். இவ்வளவு அரிய சான்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கையேட்டின் முதல் பக்கத்திலேயே ‘பூமியின் மையத்தில் உள்ள நெருப்புக் குழம்பு எரிமலை வழியாக வெளியே வருகிறது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பூமியின் உட்கரு சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து எந்த எரிமலைக்கும் குழம்பு வருவதில்லை. மாக்மா உருவாவது மூடகத்தின் மேற்பகுதியிலும் மேலோட்டிலும்தான். மூடகம் குழம்புக் கடலும் அன்று. அது பெரும்பாலும் திடப்பாறை. கடல்நடு முகடுகளிலும் ஹவாய் போன்ற இடங்களிலும் சூடான பாறை மேலேறி அழுத்தம் குறைவதால் சிறிதளவு உருகுகிறது. ஒரு புவித்தட்டு மற்றொன்றின்கீழ் அமிழும் இடங்களில், அமிழும் தட்டு விடுவிக்கும் நீர் சுற்றியுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்குக் கையேட்டில் இடமில்லை, வண்ணப்படங்களுக்கு இருக்கிறது.

சிலிக்கா அளவில் படிப்படியாக ஏறும் எரிமலைப் பாறைகளான ஆண்டிசைட், டேசைட், ரயோலைட் ஆகிய மூன்றும் உள்ளன. தரம் குறையில்லை, சொல்லவும் அதிகமில்லை. சிலிக்கா ஏற ஏற நிறம் வெளுப்பதை வரிசையாக அடுக்கிக் காட்டலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இரண்டாம் அறையில் உள்ள அப்சிடியனே சாட்சி.

வெடிப்பில் சிதறியவை என்ற பிரிவில் ஒரு சிறு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. ‘எரிமலைக் குண்டு’ என்ற சீட்டுடன் வந்த கல் அழகானது. பறக்கும்போதே முறுக்கிக்கொண்டு, இரு முனையும் கூம்பி, கதிர்போன்ற வடிவத்தில் உறைந்திருக்கிறது. ஆனால் அளவுகோலை வைத்தால் 50 மில்லிமீட்டர்தான். 64 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவையே குண்டு. 2 முதல் 64 வரை உள்ளவை லாப்பில்லி. அதற்கும் குறைந்தவை சாம்பல் என்பது நிலவியலாளர் வகுத்துக்கொண்ட அளவு. ஆகவே நாங்கள் வாங்கியது குண்டாகும் தகுதியை அடையாத லாப்பில்லி. இந்தச் சீட்டை நான் மாற்றவில்லை. வகைப்பாடு என்றால் என்ன என்பதைக் கற்பிக்க அந்தத் தவறே உதவுகிறது.

சாம்பல் குப்பி மதிப்புமிக்கது. ‘சாம்பல்’ என்றதும் அடுப்பில் எஞ்சும் மென்மையான பொடியையே மாணவர்கள் நினைக்கிறார்கள். நுண்ணோக்கியில் ஒரு சிட்டிகையை இட்டுப் பார்த்தால், வளைந்த கண்ணாடிச் சில்லுகள் தெரிகின்றன. உடைந்த குமிழிகளின் சுவர்கள் அவை. நீரில் கரையாது, எரியாது, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே தேய்த்தால் கீறும். 1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த ஒரு பயணியர் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோனதற்கும், 1989 டிசம்பரில் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் அதுவே மீண்டும் நேர்ந்ததற்கும், 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் ஏயாஃப்யாட்லாயோகுட்ல் வெடிப்பால் ஐரோப்பிய வான்வழிகள் நாள் கணக்கில் மூடப்பட்டதற்கும் காரணம் இந்தக் கண்ணாடிதான். எஞ்சினின் வெப்பத்தில் அது உருகி, சற்றே குளிர்ந்த உட்பாகங்களில் படிந்து காற்றுவழியை அடைத்துவிடுகிறது. மேற்சொன்ன இரண்டு விமானங்களும் சாம்பலை விட்டு வெளியே வந்தபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கி, பத்திரமாகத் தரையிறங்கின என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு முடிந்தும் மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இனி, பெரிய குறைகள். 17-ஆம் அறையில் ‘நீல அப்சிடியன்’ என்ற பெயரில் பளபளக்கும் ஒரு துண்டு இருக்கிறது. கடலைப் போன்ற தெளிந்த நீலம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சீரான நிறம். லென்ஸில் பார்த்தால் உள்ளே தனித்தனியாக மிதக்கும் முழு உருண்டைக் குமிழிகள். ஓடிய வரிகளோ நுண்படிகங்களோ இல்லை. இது ஆலையில் செய்த கண்ணாடி என்பதில் எனக்கு ஐயமில்லை. அணிகல் வணிகத்தில் இத்தகைய கண்ணாடியை அப்சிடியன் என்று விற்பது வழக்கம்தான் என்றாலும், கற்பித்தல் தொகுப்புக்குள் அது நுழைந்திருப்பதை மன்னிக்க முடியவில்லை. விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டபோது ‘இயற்கைப் பொருளில் நிறவேறுபாடு இயல்பு’ என்று பதில் வந்தது.

அதைவிடவும் என்னை வருத்துவது, எந்தக் கல்லுக்கும் பிறந்த இடம் குறிக்கப்படவில்லை என்பது. சீட்டில் பெயரும் எண்ணும் மட்டும் இருக்கின்றன. எந்த எரிமலை, எந்த ஓட்டம், எந்த ஆண்டு என்று தெரியாத கல் நிலவியலாளனுக்குப் பாதிக் கல்தான். ஒவ்வோர் எரிமலையின் அப்சிடியனுக்கும் நுண்தனிமங்களின் விகிதத்தில் தனி அடையாளம் உண்டு. அதை வைத்தே தொல்லியலாளர்கள் பழங்கால மக்கள் கல்லை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், யாருடன் வாணிகம் செய்தார்கள் என்று கண்டறிகிறார்கள். குப்பியில் உள்ள சாம்பல் 1980 மே 18 அன்று வெடித்த அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையுடையதா, வேறெங்கோ அள்ளியதா? தெரிந்திருந்தால், அந்த வெடிப்பில் மலை சுமார் 400 மீட்டர் உயரத்தை இழந்ததையும் 57 பேர் உயிரிழந்ததையும் சொல்லும்போது குப்பியை மேசைமேல் வைத்திருப்பேன். இடம் தெரியாததால் வெறும் ‘எரிமலைச் சாம்பல்’ என்று சொல்லி நகர வேண்டியிருக்கிறது.

லென்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 30 மடங்கு என்று பொறித்திருக்கிறார்கள். காட்டுவது ஏறக்குறைய 10 மடங்கு, அதுவும் ஓரங்களில் நிறம் பிரிகிறது. பாறை பார்க்க 10 மடங்கே போதுமானது என்பதால் பயன்பாட்டில் இடரில்லை. நல்ல லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தொடவேண்டிய தேவையிராது.

இல்லாத பொருள்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்: பெர்லைட். இதுவும் எரிமலைக் கண்ணாடியே. ஆனால் சில விழுக்காடு நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது. சூளையில் சூடேற்றினால் அந்த நீர் ஆவியாகி, கல் பல மடங்கு பருத்து வெண்ணிற மணியாகிறது. செடித் தொட்டிகளில் மண்ணோடு கலக்கப்படும் வெள்ளை மணிகள் அவைதாம். சூடேற்றாத கல்லையும் பொரிந்த மணியையும் பக்கத்தில் பக்கமாக வைத்திருந்தால், நுரைக்கல் பிறக்கும் விதத்தைத் தனியே விளக்க வேண்டியதேயில்லை. தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய் எரிமலை உமிழும், சிலிக்காவுக்குப் பதில் கார்பனேட் மிகுந்த கார்பனடைட் லாவாவும் இருந்திருக்கலாமே என்று ஆசை எழுகிறது. ஆனால் 500 முதல் 600 செல்சியஸ் வெப்பத்திலேயே ஓடும் அந்தக் கருங்குழம்பு உறைந்தபின் காற்றின் ஈரத்தால் சில நாள்களில் வெளுத்து உருமாறிவிடும் என்பதால், பெட்டியில் வைத்து விற்கச் சொல்வது நியாயமாகாது.

மேனிலைப் பள்ளிகளுக்கும் கல்லூரி முதலாண்டு வகுப்புகளுக்கும் இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் கையேட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, விளக்கத்தை ஆசிரியரே எழுதிக்கொள்ள வேண்டும். நிலவியல் பயிலாத ஒருவர் வீட்டில் குழந்தைகளுக்காக வாங்குவதானால், தவறான செய்திகளும் போலிக் கண்ணாடியும் உள்ளே இருப்பதால் தயங்கவே சொல்வேன். வாங்கும் முன், பொதுப்படம் போதாது, அனுப்பவிருக்கும் பெட்டியின் படத்தையே கேட்டுப் பெற வேண்டும். நுரைக்கல் சதுரமாக அறுக்கப்பட்டிருந்தால் வேண்டாம். குளியலறைக்காக வெட்டிய துண்டாக இருக்கலாம், துளைகள் நீண்ட திசையும் அதில் தெளிவாகத் தெரியாது. பிறந்த இடத்தின் பட்டியல் கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். பலர் கேட்டால் அடுத்த பதிப்பிலாவது அச்சிடுவார்கள்.

வந்தபின், சாம்பல் குப்பியைத் திறக்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நனைந்த காகிதத்தின்மேல் வைத்துத் திறப்பது பாதுகாப்பானது.